நீரில் இறங்குவதே பாதுகாப்பு, ஆனால்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிறந்தது.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருக்கிறேன். நீங்கள் காலையில் கிழித்துப் போடுகிற தாளின் பின்னால் நாலு வரி இருக்குமே, பல்வலிக்குக் கிராம்பு, ஒட்டகம் எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும், அந்த நாலு வரியை எழுதுகிற ஆள் நான்தான். பதினாறு வருஷமாக எழுதுகிறேன். அதை யாராவது படிப்பார்கள் என்று ஒரு நாளும் நம்பியதில்லை. சுருட்டிக் காது குடைவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு தேதிக்கு இப்படி எழுதியிருந்தேன்: “விமானம் அவசரமாக இறங்க நேர்ந்தால் நிலத்தைவிட நீரில் இறங்குவதே பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால்”

அதோடு தாள் முடிந்துவிட்டது. மிச்சத்தை எங்கள் கம்பெனியில் அச்சுக்குப் பக்கம் கட்டுகிற ஆண்டிச்சாமி வெட்டிவிட்டான். கேட்டதற்கு, “எடம் பத்தலண்ணே. கீழ ஜவுளிக்கடை விளம்பரம் நிக்கி. கடைக்காரர வெட்டவா, ஒங்க ஏரோப்பிளேன வெட்டவா?” என்றான். நியாயமான கேள்வி. லட்சக்கணக்கான சுவர்களில் அந்த “ஆனால்” தொங்கியது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் ஏறி, கம்பெனி வாசலில் வந்து நின்றார். பெயர் நேசகுமார்.

“ஆனாலுக்குப் பெறகு என்ன சார்?”

2

நேசகுமாருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது காதிலிருந்து கழுத்து வரைக்கும் தோல் புதிதாக, வேறொருவர் தோல் மாதிரி இருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். (கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்தக் கதைக்காக நான் கட்டிய கம்பெனிதான் அது. தேடிப் போகாதீர்கள்.) நாலு மாதத்துக்கு முன்னால் அங்கே ஓர் அறை வெடித்தது. அதில் அவர் மனைவி பெர்சிஸ் இறந்துபோனாள்.

பெர்சிஸ் நர்சரிப் பள்ளிக்கூட டீச்சர். ஏ எழுத்துக்கு ஏரோப்பிளேன் என்று சொல்லிக்கொடுப்பாள். “நீங்க ஏறியிருக்கீகளா டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டால், “ஏறியிருக்கேனே, ஜன்னல் சீட்டு” என்று கூசாமல் சொல்வாளாம். வீட்டுக்கு வந்து புருஷனிடம், “அத்தான், பிள்ளைகள்ட்ட பொய் சொல்லிட்டேன். ஒரு தடவ ஏத்தி விட்டு அத மெய்யாக்கிருங்க” என்பாளாம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த வேகத்தில் விழும்போது தண்ணீர் தண்ணீராக இருக்காது, சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். றெக்கை நுனி முதலில் பட்டால் விமானம் சுழன்று உடையும். உடையாமல் நின்றாலும் மிதப்பது கொஞ்ச நேரம்தான். அமெரிக்காவில் ஓர் ஆற்றில் இறங்கி நூற்றைம்பத்தைந்து பேரும் பிழைத்தார்கள், படகுகள் பக்கத்திலேயே இருந்தன. ஆப்பிரிக்கத் தீவு ஒன்றின் கரைக்குப் பக்கத்தில் இறங்கியதில் பலர் செத்துப்போனார்கள். மிதவைச் சட்டையை உள்ளேயே ஊதிக்கொண்டதால், தண்ணீர் ஏறியபோது கூரையோடு கூரையாக ஒட்டிக்கொண்டு கதவுக்குக் குனிய முடியாமல் போனவர்கள் அவர்களில் உண்டு. அதனால் மட்டமான நிலம் கிடைத்தால் நிலம்தான். ஆனால் நிலத்தில் தீ.

“அதுலயும் ஒரு ஆனால் இருக்கோ” என்றார்.

தாளை மறுபடி நாலாக மடித்தார். பிறகு, “நீங்க கதையெல்லாம் எழுதுவீகளாம்ல, வாட்ச்மேன் சொன்னாரு. அவள ஏரோப்பிளேன்ல ஏத்தி ஒரு கதை எழுதுங்க சார்” என்றார்.

“எழுதலாம். சென்னைக்குப் போயி நல்லபடியா இறங்குறாங்கன்னு...”

“ஒன்னுமே நடக்காம எறங்கிட்டா அது அவ கதையில்லயே. எதாவது நடக்கணும். நடந்தும் அவ பொழைக்கணும். நானும் பக்கத்துல இருக்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். நாலு வரிக்கு மேல் எழுதினால் மூச்சு வாங்குகிறவன் நான். அந்த மனிதர் முகத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்ல?

3

முதல் தொடக்கம்: “தூத்துக்குடி வானில் ஒரு வெள்ளிப் பறவை

(நிறுத்திவிட்டேன். வெள்ளிப் பறவை என்று எழுதுகிற கையை ஆண்டிச்சாமியிடம் நீட்டி வெட்டச் சொல்லலாம்.)

இரண்டாவது தொடக்கம்: “விமானத்தில் ஏறும்போது பெர்சிஸ் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள்.” பட்டாசு அறைக்குள் செருப்புப் போடக்கூடாது என்பதால் இப்படி எழுதத் தோன்றியது. எழுதியபோது பிடித்திருந்தது, மறுநாள் வெட்கமாக இருந்தது. அவள் டீச்சர். பட்டாசுக் கம்பெனிக்குப் போனது மொத்தமே ஏழு நாள். செருப்பில் கை வைத்திருக்கக்கூடியவர் நேசகுமார்தான், பழக்கதோஷம். அவர் குனிய, அவள் முழங்கையால் இடித்து, “அத்தான், மானத்த வாங்காதீக” என்று சொல்லியிருப்பாள்.

மூன்றாவது தொடக்கம்: “ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதில் சண்டையே வரவில்லை.”

இதை வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் ஓடியது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு, றெக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். பெர்சிஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வருகிறாள். “அந்தா பாருங்க அத்தான், இருக்கன்குடிக் கோயிலு. அங்கன பாருங்க, அணை.” நேசகுமார் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது இடது பக்கத்து விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் வலது பக்கமும் நின்றது. விமானத்துக்குள் யாரோ ஒருவர் இருமுவது எல்லாருக்கும் கேட்டது.

(அந்த வழியாக விமானம் போகாது என்று படித்தவர்கள் சொல்வீர்கள். கொஞ்சம் மேற்கே வளைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மண்ணில்தான் என்னால் ஒரு விமானத்தை விழவைக்க முடியும். இரண்டும் எதனால் நின்றன என்று கேட்பீர்களானால், பறவைக்கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஓர் அறை வெடித்தால் “உராய்வு காரணமாக” என்று ஒரே வரி எழுதி மூடுவார்கள். விமானத்துக்கு மட்டும் என்னிடம் ஏன் விலாவாரியாகக் கேட்கிறீர்கள்?)

4

இப்போது விமானி கீழே பார்க்கிறார். அவருக்குப் பெயர் வைக்கவில்லை. நல்ல ஆள் என்பது மட்டும் தெரியும்.

கீழே கரிசல்காடு. மட்டமாகக் கிடக்கிறது, மரம் அதிகமில்லை. மேலேயிருந்து பார்த்தால் இறங்கத் தோதான பூமி. அந்தக் காட்டுக்குள் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பது அவருக்குத் தெரியும். அவை என்ன என்று தெரியாது. ஒவ்வொரு அறைக்குள்ளும் நாலு பேர், நாலு பக்கமும் கதவு, நடுவில் வெடிமருந்து. எந்த ஊர் விமானியும் கற்றுக்கொண்டிருக்க முடியாத நிலம் இது.

அந்தப் பக்கம் இருக்கன்குடி அணை. கதை நடக்கிற அக்டோபர் தொடக்கத்தில் அதில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம். என்ன செய்ய, எழுதுகிறவன் நான்தானே. ஒரு வாக்கியத்தில் அணையை நிரப்பினேன்.

இந்த இடத்தில் எழுத்து நின்றுபோனது. நேசகுமார் வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழுதிய வரைக்கும் வாசிக்கக் கேட்பார். பெர்சிஸ் கோயிலைக் காட்டும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அன்றைக்குச் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“அதுல எத்தன கதவு சார்?”

“இந்த மாதிரிச் சின்னதுல நாலு.”

“நாலா?” நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம்புட்டுப் பேருக்கு?”

“எழுபது பேருக்கு.”

“எங்களுக்கு நாலு பேருக்கு நாலு” என்றார். அதில் பழைய போர்மேனின் பெருமை கொஞ்சம் இருந்தது. சொன்ன உடனே முகம் செத்துப்போனது.

பேச்சை மாற்றுகிறேன் என்று நான் ஒரு காரியம் செய்தேன். காலண்டர் ஆள் புத்தி, தெரிந்ததை எல்லாம் கொட்டுவது. பெரிய விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்தால் பறக்கவிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு என்று சொன்னேன். சீட்டு முழுக்க ஆள் ஏற்றி, விளக்கை அணைத்து, பாதிக் கதவுகளை அடைத்துவிடுவார்கள். மிச்சக் கதவு வழியாகத் தொண்ணூறு விநாடியில் எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும்.

“பாதிக் கதவ அடச்சா?”

“ஆமா. எது திறக்காதுன்னு உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்ல மாட்டாங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப, ஒரு கதவு தொறக்காமப் போகும்னு அவுக முன்னாடியே நெனச்சுக்கிடுதாக.”

“ஆமா.”

“நாங்க நெனைக்கல சார்.”

அதற்குப் பிறகுதான் அந்த நாளைச் சொன்னார்.

5

(இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். பிறகு சொல்கிறேன்.)

காலாண்டு லீவு. தீபாவளிக்கு மூன்று வாரம். சீசன் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் குவிந்திருந்தது, ஆள் பற்றவில்லை. “சும்மாத்தான இருக்கேன், நானும் வாரேன்” என்று பெர்சிஸ் கிளம்பினாள். நேசகுமாருக்கு இஷ்டமில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண் பார்வையில் இருக்கட்டும் என்று தன் வரிசையிலேயே ஓர் அறையில் போட்டார்.

முதல் நாள் எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார். அவருடைய வரிசையில் அது ஒரு சட்டம். உட்காருகிற இடத்துக்கு நேரே இருக்கும் கதவுதான் அவரவர் கதவு. அடுத்தவர் கதவுக்குப் போனால் முட்டிக்கொண்டு இரண்டு பேரும் விழுவார்கள்.

“இந்தா, கெழக்க இருக்குல்ல, இது ஒன் கதவு. பொகையக் கண்டா, சத்தம் கேட்டா, இது வழியா ஓடணும். வேற கதவப் பாக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.”

“நீங்க கூப்பிட்டாலுமா?”

“நான் கூப்பிட்டாலும்.”

“சரிங்க சார்” என்று பிள்ளைகள் மாதிரி சல்யூட் அடித்தாள். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஏழாவது நாள் மத்தியானம் மேற்கே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று புழுதியைக் கிளப்பியது. வெளியே மேடையில் தட்டுத் தட்டாகச் சக்கரம் காய்ந்துகொண்டிருந்தது. மருந்து நனைந்தால் சரக்குப் போவது மட்டுமில்லை, ஈர மருந்து தானாகவே சூடேறும், அதுவே பிறகு பிடித்துக்கொள்ளும். பட்டாசுக்காரனுக்குத் தீக்கு அடுத்து பயம் தண்ணீர். சரக்கு வைக்கிற கிட்டங்கி தூரம். தட்டுகளைத் தூக்கிப் பக்கத்தில் பெர்சிஸ் இருந்த அறையில் அடுக்கச் சொல்லிக் கத்தினார் நேசகுமார். தானும் தூக்கினார். மூன்று பக்கமும் ஆள் போகிற வழி. கிழக்கேதான் கொஞ்சம் இடம் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு அடுக்கினார்கள்.

“அத்தான், இது என் கதவுல்ல?” என்றாள் பெர்சிஸ், கேலியாகத்தான்.

“பத்து நிமிசந்தாம்மா. மேகம் கலைஞ்சதும் எடுத்துருவோம்.”

அவர் மேற்குக் கதவில் நின்று வானத்தைப் பார்த்தார். உள்ளே சீறுகிற சத்தம் கேட்டது. ஓடினார். பதினெட்டு வருஷமாக எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது போலவே ஓடினார், திரும்பவில்லை. வெடிப்பு பின்னாலிருந்து அவரைத் தூக்கி எறிந்தது. எழுந்து புளியமரத்தடிக்குப் போனார். தப்பியவர்கள் வந்து கூட வேண்டிய இடம் அதுதான். ஒருவர் வந்தார். இரண்டாவது ஆள் தவழ்ந்து வந்தார். மூன்றாவது ஆளும் வந்தார்.

பெர்சிஸைக் கிழக்குக் கதவுக்கு உள்பக்கம் எடுத்தார்கள்.

மற்ற மூன்று கதவும் திறந்தே இருந்தன. அவள் அந்தப் பக்கம் (இந்த வாக்கியத்தை எழுத மாட்டேன்.)

6

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது என்றே சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை எப்படியாவது இறக்கிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முடிவு அ, நிலம். கரிசலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு விமானம் நிற்கிறது. அறை எதிலும் மோதவில்லை, அதற்கு ஒரு பத்தி பாடுபட்டேன். வலது றெக்கையில் தீ. மேலேயிருந்து ஒரு பெட்டி விழுந்து பெர்சிஸ் பக்கத்து வழியை அடைக்கிறது. வெளியே ஓட அடி எடுத்து வைத்த நேசகுமார் திரும்புகிறார். பெட்டியைத் தூக்கி எறிந்து அவள் கையைப் பிடித்து இழுக்கிறார்.

முடிவு ஆ, நீர். அணையில் வயிறு படுகிறது. சுவரில் மோதின மாதிரி குலுக்கல். வால் பக்கம் தாழ்கிறது, பின்கதவைத் திறக்கக்கூடாது, திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். பெர்சிஸ் மிதவைச் சட்டையின் கயிற்றைப் பிடிக்கிறாள். “இப்ப ஊதாத, வெளிய போயி ஊது” என்கிறார் நேசகுமார். டீச்சர் அல்லவா, சொன்னபடி கேட்கிறாள். சாப்பாட்டு வண்டி ஒன்று உருண்டு வந்து வழியில் குறுக்கே நிற்கிறது. நேசகுமார் திரும்பி வந்து அதை உதைத்துத் தள்ளுகிறார். இருக்கன்குடி ஜனம் பரிசல் இல்லாமல் நீந்தியே வருகிறது.

இரண்டையும் வாசித்தேன். நேசகுமார் முடிவு வரை பொறுமையாகக் கேட்டார்.

“திரும்புறவரு யாரு சார்?”

“நீங்கதான்.”

“நான் இல்ல.” கோபமே இல்லாமல் சொன்னார். “நீங்க தண்ணியில எறக்குனாலும் தரையில எறக்குனாலும் நான் ஓடிருவேன். எனக்குத் தெரியும் சார். கால் அப்படிப் பழகிருச்சு.”

ஓடுவதுதான் சட்டம், நின்றிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள் என்றேன். எல்லாரும் சொல்லியிருப்பார்கள் இதை. பாதிரியார் சொல்லியிருப்பார். நேசகுமார் தலையை ஆட்டிக்கொண்டார்.

“ஏரோப்பிளேன்ல ஏறுன ஒடனே ஒரு பொண்ணு நின்னு கையக் கைய ஆட்டிச் சொல்லும்லா, அது என்ன சொல்லும்?”

பெல்ட் எப்படிப் போடுவது, கதவு எங்கே இருக்கிறது, காற்றுக் குறைந்தால் மேலேயிருந்து முகமூடி விழும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “முதல்ல உங்க முகமூடியப் போட்டுக்கிடணும். பிறகு பக்கத்துல இருக்கிறவங்களுக்கு.”

“பெறகுன்னு ஒன்னு உண்டா சார்?”

“உண்டு” என்றேன்.

“நான் எங்க ஆளுகளுக்கு ஓடுன்னு மட்டுந்தான் சொல்லிக்குடுத்தேன்” என்றார். “பெறகுன்னு ஒரு வார்த்த சொல்லல.”

7

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் வரவில்லை. வந்தபோது மெலிந்திருந்தார்.

“எறக்க வேண்டாம் சார். அது பாட்டுக்கு மேலயே இருக்கட்டும். அவ ஜன்னல்ல பாத்துக்கிட்டே இருக்கட்டும்.”

“ரெண்டு இஞ்சினும் நின்னுபோச்சு. கால் மணி நேரம்கூட மிதக்காது.”

“அப்ப ஒன்னு செய்ங்க. அந்தத் தட்ட மட்டும் எடுத்துருங்க.”

“விமானத்துல தட்டு ஏது?”

“இருக்கும் சார். நல்லாப் பாருங்க.”

எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவர் போன பிறகு கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். நிலத்தில் பெட்டி. நீரில் சாப்பாட்டு வண்டி. இரண்டையும் நான்தான் வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. பெட்டியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், ஒரு கிழவரின் ஊன்றுகோல் குறுக்கே வந்து விழுந்தது. அதை அடித்தேன், சீட்டு சாய்ந்துகொண்டது. பதினொரு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்து வழியில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. இந்தக் கதையில் விமானம், விமானி, அணைத் தண்ணீர், எல்லாவற்றையும் நானே உண்டாக்கினேன், அதனால் எல்லாவற்றையும் எடுக்க முடிகிறது. அந்தத் தட்டுகளை நான் உண்டாக்கவில்லை. நேசகுமார் கொண்டுவந்து வைத்தவை அவை. அவற்றை எடுக்க என் எழுத்துக்குக் கை இல்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். விமானம் இப்போது இருக்கன்குடிக்கு மேலே சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நான் நிரப்பிய அணை. இன்னொரு பக்கம் கரிசல்காடும் வெள்ளை அறைகளும். பெர்சிஸ் ஜன்னலில் நெற்றியை வைத்திருக்கிறாள், நேசகுமார் அவள் கையைப் பிடித்திருக்கிறார். எங்கே இறக்கினாலும் சரி, நான் கேட்க மாட்டேன். இறக்குவதற்கு முன்னால் அவள் பக்கத்துக் கதவை மட்டும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ஏதாவது இருந்தால், உங்களால் முடிந்தால், எடுத்துவிடுங்கள். “பிறகு” என்ற வார்த்தையும் உங்களிடம் இருந்தால் அவருக்குக் கொடுங்கள்.

ஐந்தாம் பகுதியில் ஒன்றை விட்டிருக்கிறேன் என்றேன் அல்லவா? ஆண்டிச்சாமி வெட்டவில்லை. இடம் இருந்தது, நான்தான் வெட்டினேன். நேசகுமார் அதைச் சொல்லும்போது டீக்கடைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு மழை பெய்யவில்லை.